கேத்தல் ஓடாத இரண்டு நாள்கள்

மலேசியாவின் ஜொகூரில் எந்தக் கணினி தும்மினாலும் உலு திராமில் உட்கார்ந்திருக்கும் ஹேமநாதனுக்குத்தான் முதலில் தெரியும். தும்மப் போவது அதற்கே தெரியாதபோது இவன் கைக்குட்டையை நீட்டிவிடுவான். சரி, கைக்குட்டை நான் சேர்த்தது. தும்மலை மட்டும் உண்மையென்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவன் எழுதிய மென்பொருளுக்குப் ‘பாரா’ என்று பெயர். கிளவுடில் சின்னச் சின்ன நிரல்கள் உண்டு. அவற்றுக்கென்று தனிச் சர்வர் கிடையாது. யாராவது கூப்பிட்டால் விழிக்கும், வேலையை முடிக்கும், மறைந்துவிடும். நடுவில் தடுக்கி விழுந்தால் பாரா சிவப்புக் காட்டி மணியடிக்கும். விழாதவரை பச்சை. ஹேமநாதன் அதை விற்கவில்லை. மூலநிரலை அப்படியே இணையத்தில் திறந்து வைத்துவிட்டான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், குறை சொல்லலாம். போலந்திலிருந்தெல்லாம் குறை வந்தது.

அவனை வளர்த்தவள் அக்கா கஸ்தூரி. பதினேழு வயதில் பத்து பாகாட் ஊரில் ஒரு துணி ஆலைத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவள், தம்பி பட்டம் வாங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அவள் ஓய்வு பெற்றதும் தன்னோடு வந்துவிடச் சொன்னான். “உன் வீட்ல நான் யாரோட சண்ட போடறது?” என்று மறுத்துவிட்டாள்.

போன வருடம் அவள் வெந்நீர் வைக்கும் மின்சாரக் கேத்தலின் பிளக்கில் ஒரு சின்னக் கருவியைச் சொருகினான். காலை ஆறு மணிக்கு அவள் பாலில்லாத தே ஓ போட சுவிட்சைத் தட்டினால், கிளவுடில் ஒரு நிரல் விழித்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

“என்னடா இது, தே ஓ குடிக்கக் கம்ப்யூட்டர்கிட்ட பெர்மிஷனா?”

“நீ எழுந்துட்டேன்னு எனக்குத் தெரியும்லக்கா.”

“எழுந்திருக்கலன்னா?”

“உடனே கூப்பிடுவேன்.”

அந்த ‘உடனே’யில்தான் ஓட்டை. முதல் மாதம் தினமும் நேரத்தைப் பார்த்தான். அப்புறம் பச்சையை மட்டும் பார்த்தான். நிரல் விழுந்தால் மணியடிக்கும். ஆனால் யாரும் கூப்பிடாத நிரல் விழவும் விழாதே. அதற்கும் பச்சைதான். போலந்துக்காரர் ஒருவர் இதைத்தான் மூன்று மாதம் முன்பே எழுதியிருந்தார்: நிரலிடமிருந்து சத்தமே வராவிட்டாலும் மணியடிக்க வேண்டும் என்று. ‘நல்ல யோசனை, அடுத்த பதிப்பில் பார்க்கலாம்’ என்று ஹேமநாதன் பதில் போட்டான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அக்காவின் பக்கத்து வீட்டு தனலெட்சுமி போன் செய்தார். குழம்பு கொடுக்கப் போனவர், கஸ்தூரி சமையலறைத் தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். மாரடைப்பு.

ஹேமநாதன் பாராவைத் திறந்தான். பச்சை. பதிவைப் புரட்டினான். கேத்தல் கடைசியாக ஓடியது செவ்வாய் காலை 6.04.

ஐம்பத்து நான்கு மணி நேரம். அந்த எண்ணை அவன் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடம் கேட்கவும் பயம். இறப்புச் சான்றிதழில் வியாழன் என்று இருந்தது. கண்ட நாளைப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வாரம் கழித்து உட்கார்ந்து, போலந்துக்காரர் கேட்ட திருத்தத்தை எழுதினான். பதினோரு வரி. அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பிட்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்த தனலெட்சுமியிடம்தான் அது வெளியே வந்தது.

“ரெண்டு நாளு ஆன்ட்டி. அக்கா ரெண்டு நாளு அங்கயே கெடந்திருக்கு. நான் இங்க பச்சையப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.”

“யாரு சொன்னா ரெண்டு நாளுன்னு?”

“கேத்தல் ஓடலயே. செவ்வாக்கெழமையோட நின்னுபோச்சு.”

தனலெட்சுமி இலைகளைக் கீழே வைத்தார்.

“கேத்தல் கெட்டுப்போச்சு லா, தம்பி. புதன்கெழம காலையில கப்பத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. வியாழக்கெழமையும் ஏழு மணிக்கு எங்க வீட்லதான் தே ஓ குடிச்சாங்க. உனக்குப் போன் போடறேன்னேன், விடல. ‘கேத்தல் ஓடலன்னா அவனே கூப்பிடுவான், எப்ப கூப்பிடறான்னு பாப்போம்’னு சொல்லிச் சிரிச்சாங்க. ரெண்டு நாளும் போனக் கையிலயேதான் வச்சிருந்தாங்க.”