தீப்பெட்டி நசுங்காத சரிவு

எங்கள் தெருவில் பிரேக்கம்மாவைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். அது அவருடைய லைசென்சுக்குள்ளேயே குடியிருக்கிறது, வெளியே தலைகாட்டுவதில்லை. முடிவெட்டுகிறவர் முதல் பல் டாக்டர் வரை ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அம்மாள் அவர். "பிரேக்" என்று ஒரு குரல் கொடுத்தால் கார் நிற்கும், எதிரே வரும் பேருந்து நிற்கும், மேலே பறக்கிற காக்கைகூட ஒரு நொடி அந்தரத்தில் நின்று யோசித்துவிட்டுத்தான் போகும். காக்கையை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். நம்பாதவர்கள் காக்கையிடம் கேட்டுக்கொள்ளலாம்.

அவர் வைக்கும் கடைசிப் பரீட்சை ஊரறிந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் போகிற மேட்டுச் சாலையில் பாதி ஏற்றத்தில் காரை நிறுத்தச் சொல்வார். இறங்கிப் போய்ப் பின்சக்கரத்தை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைப்பார். திரும்ப வந்து உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வார். இனி வண்டியை எடுக்க வேண்டியது உங்கள் பாடு. ஒரு விரற்கடை பின்னால் நழுவினாலும் தீப்பெட்டி சப்பை. மறுபடி முதலிலிருந்து பாடம். அவர் காலடியிலும் ஒரு பிரேக் மிதி உண்டு. உயிர் போகிற அவசரம் இல்லையென்றால் அதைத் தொடமாட்டார். "கால சும்மா வச்சிருக்கறதுதாங்க இந்த வேலையிலயே கஷ்டமான வேலை" என்பார்.

அந்தப் பரீட்சையில் மூன்று தடவை தோற்றவர் ஒருவர் உண்டு. அவர் தையற்காரர். துணியில் ஒரு நூல் பிசகாத மனிதருக்குத் தீப்பெட்டி மட்டும் எப்படி நசுங்கியது என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. நான்காவது தடவை தேறினார். கையோடு அவருக்கும் அம்மாளுக்கும் கல்யாணமும் ஆயிற்று. வேண்டுமென்றே நசுக்கினீர்களா என்று இன்றைக்குக் கேட்டாலும் மனிதர் ஊசியில் நூல் கோக்கத் தொடங்கிவிடுவார்.

இப்படி இருந்த அம்மாளுக்கு முதுகுத்தண்டில் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டி போனது, போகிற போக்கில் இரண்டு கால்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்தார். பார்க்கப் போனவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோது, ஆறுதலை அவரே எங்களுக்குச் சொன்னார். "கால சும்மா வச்சிருக்கற வேலையில இப்பப் பெரிய பட்டமே வாங்கிட்டேன்."

வீட்டுக்குள் அவருக்குத் தடையில்லை. ஒரே வாரத்தில் கதவு நிலைகளுக்கு இடையே ரிவர்ஸ் எடுக்கப் பழகிவிட்டார். தகராறு வாசலில்தான். மழைத் தண்ணீர் ஏறாமலிருக்க உயர்த்திக் கட்டிய வீடு. இறங்க மூன்று படி. மூன்று படிதானே என்று நமக்குத் தோன்றும். அவருக்கு அது மூன்று மலை. வெளியே போக வேண்டுமென்றால் தையற்காரர் ஒரு பக்கம், மகளைக் கட்டிய மாப்பிள்ளை ஒரு பக்கம் நாற்காலியோடு தூக்கி இறக்க வேண்டும். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார்; தோள் இரண்டும் தூண் மாதிரி. ஆனாலும் அவர் வேலைக்குப் போய்விட்டால் அம்மாளுக்குத் தெரு கிடையாது. ஒருநாள் இருவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "பீரோவக்கூட தூக்கறதுக்கு முன்னாடி உள்ள இருக்கறத காலி பண்ணுவாங்க மாப்பிள்ளை. என்னை அப்படியே தூக்குறீங்க."

சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்று முதல் வெளியே கூப்பிட்டால் வேண்டாம் என்றார். ஊரையே தெருவில் இறக்கிவிட்டவர் சன்னல் கம்பிக்குப் பின்னால் உட்கார்ந்து, போகிற வண்டிகளின் கியர் சத்தத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் வீட்டில், படிமேல் நாற்காலி உருண்டு இறங்க ஒரு பாதை போடுகிற பேச்சு எழுந்தது. அரசாங்கத் தாளில் அதற்குச் சாய்தளம் என்று பெயர். கடைக்காரர்கள் ரேம்ப் என்பார்கள். எங்கள் தெருவுக்கு அது வெறும் சரிவு. சிமென்டில் கட்டினால் கதவுக்குக் கீழே போகிற கழிவுநீர்க் குழாயை அடைத்துவிடும் என்று கொத்தனார் கைவிரித்துவிட்டதால், உலோகத்தில்தான் வாங்க வேண்டும் என்றாயிற்று. தையற்காரர் கழுத்திலிருந்த நாடாவை எடுத்து வாசலை அளந்தார், முற்றத்தை அளந்தார், மறுபடி வாசலை அளந்தார். கல்யாணச் சட்டைக்குக்கூட அவ்வளவு அளந்ததில்லை. பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தார். அலுமினியம், பெட்டி மாதிரி மடங்கும், கைப்பிடி உண்டு, வேண்டும்போது விரித்து வேலை முடிந்ததும் சுவரோரம் சாத்திவிடலாம். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் அம்மாவுக்கு அதன் அருமை பெருமைகளை மாத்திரை கொடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள்.

அம்மாள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "யாரு விரிப்பா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார்.

"நாங்க விரிப்போம்மா."

"நீங்க இல்லாதப்ப?"

கடைக்கு நானும் வருகிறேன் என்றார் அம்மாள். பீரோ மறுபடி தூக்கப்பட்டது. எதிர்வீட்டுக்காரன் என்ற உரிமையில் நானும் கூடப் போனேன்.

கடை ஒரு நீளமான கொட்டகை. ஊன்றுகோல், கட்டில், நடைவண்டி என்று வரிசையாக இருக்க, பின்புறம் சரிவுகளை மேடையில் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரருக்கு வாய் சக்கரை. குட்டையும் செங்குத்துமான அந்த மடக்குச் சரிவை விரித்து வைத்து, காலி நாற்காலி ஒன்றைத் தானே அதில் தள்ளிக்கொண்டு மேலே ஏறிக் காட்டினார். பார்த்தீங்களாம்மா, வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போகிறது என்றார்.

"நல்லாத் தள்ளுறீங்க" என்றார் அம்மாள். "அப்ப நீங்களும் எங்க வீட்டுலயே தங்கிடுவீங்களா?"

கைப்பையைத் திறந்தார். தீப்பெட்டி வெளியே வந்தது. தையற்காரர் முகம் கல்யாணத்துக்கு முந்தின காலத்துக்குப் போய்விட்டது.

முதலில் மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரச் சொன்னார். காலைத் தரையில் ஊன்றக் கூடாது, யாரும் தள்ளக் கூடாது, கையால் சக்கரத்தை உருட்டி ஏற வேண்டும், பாதியில் நிறுத்தி மறுபடி எடுக்க வேண்டும். விளையாட்டு வாத்தியாருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரே மூச்சில் பாதி ஏறினார். நிறுத்தினார். அம்மாள் சொன்னபடி மகள் தீப்பெட்டியை வைத்தாள். மறுபடி எடுக்க மாப்பிள்ளை ஒரு தம் பிடித்துத் தள்ளியதுதான் தாமதம், முன்சக்கரம் இரண்டும் குதிரை மாதிரி மேலே எழும்பின. நாற்காலி மல்லாந்தது. தையற்காரரும் கடைக்காரரும் பாய்ந்து பிடித்திராவிட்டால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பாடம் நடந்திருக்காது. தீப்பெட்டி காகிதமாகிவிட்டது. மாப்பிள்ளை நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இதில் மாமியார் தனியாக ஏற வேண்டுமென்றால் முதலில் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

பிறகு இரும்பில் செய்தது ஒன்றைப் பார்த்தார்கள். மேலே பூப்போட்ட தகடு, பச்சைப் பெயிண்ட், யானையை நிறுத்தினாலும் தாங்கும் என்றார் கடைக்காரர். அம்மாள் ஒரு வாளி தண்ணீர் கேட்டார். தன் காதில் தப்பாக விழுந்ததோ என்று கடைக்காரர் பார்த்தார், ஆனாலும் வாளி வந்தது. ஊற்றச் சொன்னார். தண்ணீர் பூக்களுக்கு நடுவில் குட்டி குட்டியாகத் தேங்கியது. ஒட்டுப்போட்ட இடங்களில் பெயிண்டுக்கு அடியில் ஏற்கெனவே துரு எட்டிப் பார்த்தது. "இது என் வீட்டுக்கு வந்தா எனக்கு முன்னாடி இதுக்கு வைத்தியம் பாக்கணும்" என்றார்.

கடைசியில், யாரும் கேட்பதில்லை என்று சுவரோரம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்று. அதுவும் அலுமினியந்தான், ஆனால் துண்டு துண்டாகச் சேர்த்து நீளமாக்கிக்கொள்வது. தகடு முழுக்கப் பொத்தல், தண்ணீர் ஊற்றினால் கீழே போய்விடும். சக்கரம் விலகாமலிருக்க இரண்டு ஓரமும் உயர்ந்த விளிம்பு, பிடித்துக்கொள்ள இருபுறமும் கம்பி. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டால் யாருடைய தயவும் இல்லாமல் ஏறலாம் என்றார் கடைக்காரர். இந்தத் தடவை அவர் குரலில் சக்கரை குறைந்து அக்கறை தெரிந்தது. மேலே கதவுக்கு முன்னால் நாற்காலி நிற்கிற அளவுக்குச் சமதளம் இருக்கிறதா என்று அம்மாள் கேட்டார். கதவைத் திறக்க ஒரு கை வேண்டும். சரிவில் நின்றுகொண்டு அந்தக் கையைச் சக்கரத்திலிருந்து எடுத்தால் கதை கந்தல். இருக்கிறது என்றார் கடைக்காரர்.

அம்மாள் தன் நாற்காலியை அதன்மேல் ஏற்றினார். பாதியில் நின்றார். மகள் இன்னொரு தீப்பெட்டியை வைத்தாள். அம்மாள் மூச்சை இழுத்துக்கொண்டு சக்கரத்தைத் தள்ளினார். படுக்கையில் கிடந்து மெலிந்த கை. ஒரு நடுக்கம், ஒரு நழுவல். தீப்பெட்டி சப்பை.

வாழ்நாளில் அவர் முதல் தடவையாகத் தோற்ற பரீட்சை அதுதான். தையற்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "இதுக்குத்தான் சொன்னேன். மடக்குறதே போதும்மா. நான் எங்க போகப் போறேன், தள்ள நான் இருக்கேன்."

"வண்டி தேறிடுச்சு. டிரைவர்தான் தேறல" என்றார் அம்மாள். "தேறாத டிரைவர நான் எத்தன பேரப் பாத்திருக்கேன். உங்களப் பாக்கலையா?"

"அதுக்கில்ல. இவ்வளவு நீளம் வாசலுக்கு நேரா போட்டா தெருவுக்கே போயிடும்."

"வளைச்சுப் போடலாம். நேரா வந்து, ஒரு சமதளம், அப்புறம் பக்கவாட்டுல திரும்பி."

"பக்கவாட்டுல…" என்று இழுத்துவிட்டு அவர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

பக்கவாட்டில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கார் இருக்கிறது. இரண்டு பிரேக் வைத்த, ஊருக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்தக் கார். அம்மாள் படுத்ததிலிருந்து அது நகரவில்லை. தையற்காரர் வாரம் தவறாமல் துடைத்து, சொந்தக் கையால் தைத்த உறையைப் போட்டு மூடி வைத்திருந்தார். முற்றத்தை அவர் அத்தனை தடவை அளந்தது எதற்கென்று அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. எப்படி அளந்தாலும் நீளமானது காரின் இடத்தில்தான் உட்கார்ந்தது. காலும் போய்க் காரும் போனால் இவள் தாங்குவாளா என்று பயந்து, மனிதர் பெட்டி மாதிரி மடங்குகிறதைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மாள் சரிவிலிருந்து இறங்கி, நாற்காலியை அவரை ஒட்டி நிறுத்தினார். பிறகு, கடைக்காரருக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னார். நான் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. "நான் அந்தக் கார்லேர்ந்து எறங்கி ரொம்ப நாளாச்சுங்க. நீங்கதான் இன்னும் அதுக்குள்ளயே உக்காந்திருக்கீங்க. நீங்களும் எறங்குங்க. எனக்குத் தெருவுக்குப் போகணும்."

காரை அவரிடம் படித்த ஒரு பெண் வாங்கிப் போனாள். தானே பள்ளி வைத்து நடத்துகிறாள். போகும்போது தையற்காரர் உறையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். அந்த இடத்தில் வெள்ளிபோல் மின்னிக்கொண்டு சரிவு வந்து படுத்தது.

அதன்பின் நடந்தது கார் பள்ளியைவிடக் கடுமையான பள்ளி. அம்மாள் தண்ணீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்கித் தூக்கிக் கையைத் தேற்றினார். காலையிலும் மாலையிலும் சரிவில் பயிற்சி. தீப்பெட்டி வைப்பது தையற்காரர் வேலை. வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்பது உத்தரவு. ஆனால் அந்தக் கை கேட்காது. நாற்காலி ஓர் இம்மி ஆடினாலும் தாவிப்போய்ப் பின்னாலிருந்து பிடித்துவிடும். "பிரேக்" என்று சத்தம் வரும். இந்தத் தடவை அது நாற்காலிக்கு இல்லை, அந்தக் கைக்கு. எங்கள் வீட்டுச் சமையலறையில் நான் கிண்டிக்கொண்டிருந்த கரண்டி நின்றுவிடும். இப்படி நசுங்கிய தீப்பெட்டிகளை அடுக்கினால் தண்ணீர்த் தொட்டியின் உயரம் வந்திருக்கும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். ஒரு முழம் இருந்திருக்கும்.

ஒருநாள் காலையில் அவர்கள் வீட்டில் முழுசாக ஒரு தீப்பெட்டி கிடையாது. அடுப்புப் பற்றவைக்க வழியில்லை. தையற்காரர் உள்ளே ஒரு கால்சட்டைக்குப் பட்டி வைத்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடுகிற சத்தமும் கேட்டது. அவர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தபோது வீட்டில் யாரும் இல்லை, சரிவில் யாரும் இல்லை. தெருவில் பார்த்தால் அம்மாள் தன் கையாலேயே உருட்டிக்கொண்டு முனைக் கடையை நெருங்கிவிட்டார். வழியில் சைக்கிள்காரன் ஒருவன் கை காட்டாமல் திரும்பினான். அவன் பாவம், அன்றைக்கு அவனுக்கு நேரம் சரியில்லை.

தையற்காரர் பின்னால் போகவில்லை. போவதற்கு ஒரு கால் எடுத்தார், பார்த்தேன். எடுத்த காலைத் திரும்ப வைத்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

அம்மாள் திரும்பி வந்தார். மடியில் புதுத் தீப்பெட்டி. சரிவில் ஏறினார், சமதளத்தில் திரும்பினார், மேல் துண்டில் பாதி வந்து நின்றார். தீப்பெட்டியை நீட்டினார்.

"வைங்க."

அவர் குனிந்து சக்கரத்தை ஒட்டி வைத்தார். நிமிர்ந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார். விரல்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் எதிர்வாசலிலிருந்து பார்த்தேன். அம்மாள் ஒரு மூச்சு இழுத்தார். தோள் முன்னால் சாய்ந்தது. சக்கரம் உருண்டது, மேலே மட்டும். கதவுக்கு முன்னால் போய் நின்றார். ஒரு கையால் கதவைத் திறந்தார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

தையற்காரர் தீப்பெட்டியை எடுத்து, நாலு மூலையையும் தடவிப் பார்த்தார். உள்ளே போய் அந்தப் பெட்டியிலிருந்தே ஒரு குச்சியை உரசி அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார்.