தண்ணீர் மந்திரியின் நோட்டு

வெயிலுக்கும் தாகம் எடுக்கும் என்று எனக்குச் சொன்னவர் என் தாய்மாமா. நயா பைசா வந்து ஒரு வருடம் நிறையப்போகிற சமயம், மாசிக் கடைசி. பங்குனி என்று ஒரு பழைய குறிப்பில் எழுதிவைத்திருக்கிறேன், அது தவறு. பங்குனியில் நடந்தது வேறு.

மாமா வாலிநோக்கத்தில் இருந்தார். இப்போதுபோல் பெரிய உப்பளமெல்லாம் அன்று கிடையாது. கடலோரமாகச் சில பாத்திகள், அவ்வளவுதான். எங்கள் ஊர் அங்கிருந்து வடக்கே, சிக்கல் என்ற ஊருக்குப் போகிற வழியில். ஞாயிற்றுக்கிழமை மாட்டுவண்டியில் போய் இறங்கினால் பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைக்கும். தூரத்து வரப்பில் வருகிறவர்களுக்குக் கால்கள் இருக்காது. கானல் அவர்களை இடுப்புக்குக் கீழே அழித்துவிடும், மிதந்துதான் வருவார்கள். போன வாரம் பாத்தியில் நின்ற தண்ணீர் எங்கே என்று மாமாவிடம் கேட்டேன்.

“வெயிலு குடிச்சிருச்சு மாப்பிள. அது குடிச்சிட்டு மிச்சம் வைக்கிறதத்தான் நாம அள்ளுறோம்.”

“எங்க ஊருணித் தண்ணியையும் குடிக்குமா மாமா?”

“குடிக்காமயா? அதுக்கும் தாகம் இருக்கும்ல?”

சொன்னவர் அதை அங்கேயே மறந்திருப்பார். நான் மறக்கவில்லை. ஏனென்றால் நான் அப்போது தண்ணீர் மந்திரி.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அந்த வருடம் புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர், பொங்கல் விடுமுறை முடிந்ததும் மாணவர் மந்திரிசபை ஒன்றை அமைத்தார். சுகாதார மந்திரி நகம் பார்ப்பான். தோட்ட மந்திரி வெண்டைச் செடிகளை ஆடு மேயாமல் காப்பான். ஆறாம் வகுப்பில் இருந்த நான் ஊருணியில் மொண்டுவந்து இரண்டு பானைகளை நிரப்பிவைக்க வேண்டும். முதல் மந்திரி, எட்டாம் வகுப்பில் இருந்த என் அக்கா. காலையில் என் காதைத் திருகி முகம் கழுவ அனுப்பியவளுக்கு, ஒன்பதரை மணிக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

எட்டு முடிந்ததும் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடுவதுதான் அப்போது வழக்கம். தலைமையாசிரியர் இரண்டு முறை எங்கள் வீட்டுக்கு வந்து அய்யாவிடம், அதாவது எங்கள் அப்பாவிடம், பேசியிருந்தார். “ராமநாதபுரத்தில் விடுதி இருக்கிறது. இந்தப் பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தையே நடத்துகிறது, அதை நிறுத்திவிடாதீர்கள்” என்றார். அய்யா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே, “பரீட்சை முடியட்டும், பாப்பம்” என்றார். எங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்றால் பாதிச் சம்மதம். அக்கா தகரப் பெட்டி ஒன்றைத் துடைத்துக் காயவைத்தாள்.

மந்திரிகளுக்கு இரண்டு விதிகள். மாதம் ஒரு வேலை, யாரும் சொல்லாமல் நாமாக யோசித்துச் செய்ய வேண்டும். இன்னொன்று வெள்ளிக்கிழமை நோட்டு. அந்த வாரம் மற்றவர்கள் செய்ததை எழுதக் கூடாது. நாம் என்ன செய்தோம், எங்கே தவறினோம் என்பதை மட்டும் எழுதி, பக்கத்தை உள்பக்கமாக மடித்து, சோற்றுப் பசையால் ஒட்டிக் கொடுக்க வேண்டும்.

“நான் பிரித்துப் படிக்க மாட்டேன். ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்” என்றார்.

ஒருவரும் நம்பவில்லை. படிக்காமல் நோட்டு வாங்குகிற வாத்தியாரை நாங்கள் கண்டதில்லை. விளக்கில் காட்டிப் படிக்கிறார் என்றான் சுகாதார மந்திரி. ஆவியில் காட்டினால் பசை இளகும் என்றான் தோட்ட மந்திரி. எனக்குச் சாட்சியே கிடைத்தது. ‘ஐயா, பானைக்கு மூடி இல்லை’ என்று ஒரு வெள்ளிக்கிழமை எழுதினேன். அடுத்த புதன்கிழமை இரண்டு பானைகளுக்கும் பலகை மூடி வந்துவிட்டது. அதன்பிறகு என் பக்கங்கள் எல்லாம் ‘ஐயா’ என்றே தொடங்கின. என் குறைகளாக, அளவுக்கு மீறி உழைப்பதையும் இரக்கம் காட்டுவதையும் குறிப்பிட்டு வந்தேன்.

வாலிநோக்கத்திலிருந்து திரும்பிய மறுநாள் ஊருணிக் கரையோரத் தண்ணீரில், கத்தியால் கோடு போட்ட ஒரு குச்சியை நட்டேன். வாரத்தில் நான்கு விரல் இறங்கியது. பங்குனி பிறந்ததும் பனையேறிகள் கழித்துப் போட்ட ஓலைகள் வரப்பெங்கும் குவிந்து கிடந்தன. யோசனை அங்கே பிறந்தது. ஊருணியை ஓலையால் மூடிவிட்டால் வெயில் எங்கே வாய் வைக்கும்?

அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை; யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

“பச்ச ஓலை தண்ணியில கெடந்தா அழுகும்லே. கரையில கம்பு நட்டுப் பந்தலாப் போடலாம். அதுக்கும் அய்யாகிட்டக் கேக்கணும். நானே கேக்குறேன், பொறு.”

பொறுக்க முடியவில்லை. பந்தல் அவளுடைய யோசனையாகிவிடும். அடுத்த சனிக்கிழமை அவள் அம்மாவோடு நேர்த்திக்கடனுக்காக நயினார்கோவிலுக்குப் போனாள். அய்யா வயலுக்குப் போய்விட்டார். நான் இருபது பிள்ளைகளைச் சேர்த்தேன். ஊருணியில் கை வைக்கப் பயந்து அவர்கள் தயங்கியபோது, “முதல் மந்திரி உத்தரவு” என்றேன்.

உடனே வேலை நடந்தது. ஒருவரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஓலைகளைப் பனைநாரால் வரிசையாகக் கோத்து, அக்கரையில் நின்றவர்கள் கயிற்றை இழுக்க, பாய் விரிவதுபோல் அது தண்ணீர்மேல் விரிந்துகொண்டே போனது. ஒருவர் மொள்ளும் அளவுக்குப் படித்துறையில் மட்டும் இடம் விட்டோம். மாலையில் பார்த்தால் ஊருணியைக் காணோம். அந்த இடத்தில் பச்சை விசிறிகளால் ஆன ஒரு வயல் இருந்தது. காற்று வந்தால் ஓர் ஓரத்தில் தொடங்கும் சலசலப்பு மறு ஓரம்வரை நடந்து போகும். தட்டான்கள் தண்ணீர் எங்கே போயிற்று என்று தெரியாமல் அந்தரத்திலேயே நின்றன. நான் கரையில் படுத்துக் காதை மண்ணில் வைத்தேன். கீழே தண்ணீர் தூங்குகிற சத்தம் கேட்டது. இன்றைக்கும் சத்தியமாகச் சொல்வேன், கேட்டது.

மறுநாள் திரும்பிய அக்கா கரையில் குனிந்து ஓர் ஓலையைத் தூக்கிப் பார்த்தாள். “இன்னைக்கே எடுத்துரணும்லே” என்றாள். ஆனால் ஊரில் பெரியவர்களே வந்து வேடிக்கை பார்த்து, “பயபுள்ளக யோசனையப் பாரேன்” என்று மெச்சிவிட்டுப் போயிருந்தார்கள். முதல் வாரம் முழுக்கக் குச்சியில் ஒரு விரல்தான் இறங்கியது. அய்யாவும் கிடக்கட்டும் என்றார்.

இரண்டாவது வாரம் தண்ணீர் தேயிலைச் சாற்றின் நிறத்துக்கு மாறியது. பிறகு நாற்றம் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் குடத்தோடு போன பெண்கள் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள். அடுத்த ஊர் ஊருணி இரண்டு மைல். மழைக்கு இன்னும் ஆறு மாதம்.

காலையிலேயே ஊர் கரையில் கூடிவிட்டது. தலைமையாசிரியரும் வந்திருந்தார்.

“எவம்லே ஒங்களப் போடச் சொன்னது?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

இருபது பிள்ளைகளும் ஒரே குரலில், “முதல் மந்திரி உத்தரவுங்க” என்றார்கள்.

“அதான பாத்தேன். பொட்டப்பிள்ளய மந்திரியாக்குனா ஊரு குடத்தத் தூக்கிக்கிட்டு ஊரு ஊராப் போக வேண்டியதுதான்.”

சிலர் சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. “நீயா சொன்ன?” என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அது எவ்வளவு நேரம் என்பதற்கு என்னிடம் குறிப்பில்லை. அய்யாவின் கையில் மாடு ஓட்டும் சாட்டைக்கம்பு இருந்தது. நான் அந்தக் கம்பைவிட்டுக் கண்ணெடுக்காததை அவள் பார்த்திருக்க வேண்டும்.

“ஆமாய்யா. நாந்தான் சொன்னேன்.”

அய்யா கம்பை ஓங்கவே இல்லை. திரும்பி வீட்டுக்கு நடந்துவிட்டார். ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூடத்தில் இடைவேளையில் அக்கா என்னைத் தனியாக நிறுத்தினாள். “ஏலே, நோட்டுல எழுதிருவீல?”

“எழுதிருறேங்கா.”

“உள்ளத உள்ளபடி எழுது. அவரு பாத்துக்கிருவாரு.”

எழுதினேன். முதல்முறையாக அந்த நோட்டில் உண்மையை எழுதினேன். உத்தரவு பொய் என்பது, அக்கா வேண்டாம் என்றது, பந்தல் அவள் பெயருக்குப் போய்விடுமே என்று எனக்கு இருந்த பொறாமை, எல்லாம். பக்கத்தை மடித்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பசை வைத்தேன். மாலை மணி அடித்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியர் மடிப்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். ஈரம் அவர் விரலில் ஒட்டியது.

“வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்றார்.

“இல்லைங்கய்யா. எல்லாம் எழுதிட்டேன்.”

அவர் நோட்டை மற்ற நோட்டுகளின் மேல் வைத்தார். வீட்டுக்கு வரும்போது உடம்பு ஓலைபோல் லேசாக இருந்தது.

திங்கட்கிழமை கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். செவ்வாய்க்கிழமையும். அடுத்த வாரம் எனக்கு வேறொரு நியாயம் தோன்றியது. படித்த பிறகும் அவர் சும்மா இருக்கிறார் என்றால், நான் செய்தது அப்படியொன்றும் பெரிய தவறில்லை போலும். அதை நினைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அக்காவும் காத்திருந்தாள். தலைமையாசிரியர் சித்திரையில் மூன்றாவது முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தார். அய்யா அவருக்கு மோர் கொடுத்து, “போதும் சார்” என்றார். ‘பாப்பம்’ அதோடு முடிந்தது. அந்தக் கோடை முழுவதும் அக்கா இரண்டு மைல் நடந்து தண்ணீர் எடுத்தாள். தகரப் பெட்டி இரண்டு வருடம் பரணில் இருந்துவிட்டு, என்னோடு ராமநாதபுரம் போனது.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தின் கடைசி நாளன்று தலைமையாசிரியர் நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்திருந்தார். என் எழுத்தை நானே பார்க்கக் கூசி, பெட்டியின் அடியில் போட்டுவிட்டேன். பழைய காகிதங்களைத் தேதிவாரியாக அடுக்குகிற பழக்கம் எனக்கு வயதான பிறகு வந்தது. அப்போதுதான் அது கையில் கிடைத்தது. வெள்ளிக்கிழமைப் பக்கங்கள் அத்தனையும் ஒட்டியபடியே இருந்தன. பசைக்காக ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. ஒரு மடிப்பும் பிரிக்கப்படவில்லை. பானை மூடி கேட்ட பக்கமும்தான்.

எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசி மடிப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

“படிச்சிட்டும் உண்மையச் சொல்லாம இருந்துட்டாருன்னு நெனச்சேன்” என்றாள். “இத்தன வருசமா அவரத் திட்டிட்டேனேடா.”

நான் மடிப்பைப் பிரிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம். அவரே பிரிக்கல.”

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறார். அதனால்தான், பிரித்துப் பார்க்க முடியாத அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். பசை காய்ந்துவிட்டதா என்று கேட்டால் எப்படிச் சாதாரணமாகப் பதில் சொல்வேனோ, அப்படித்தான் அன்று அதற்கும் பதில் சொன்னேன்.