அண்ணன் சம்மணம் போட்ட நாள்

அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலரில் உடன்பிறந்தவள்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார். எனக்கு அலங்காரமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது திருச்சுழிப் பக்கம், மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கருவேலம் என்றிருக்கும் எங்கள் ஊரில். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் படிப்பை நிறுத்திவிட்டு அருப்புக்கோட்டையில் பஞ்சுக் கோடவுனுக்கு லோடு ஏற்றப் போனார். என்னைப் படிக்க வைத்ததும் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்ததும் அந்தத் தோள்தான்.

பொதி தூக்கியது போதாதென்று ஜிம்முக்கும் போனார். எடை தூக்குவார், பஸ்கி எடுப்பார். தொடங்குமுன் கழுத்தையும் தோளையும் இடுப்பையும் கொஞ்சம் சுழற்றச் சொன்னால், "கும்மியடிக்கவா விடியமுன்ன எந்திரிச்சுப் போறேன்?" என்று சிரிப்பார். எங்கள் பக்கம் நல்ல உடம்பையும் கெட்டி என்போம், இறுகிப் போனதையும் கெட்டி என்போம். தோள் சுழலவும் முட்டி மடங்கவும் மறுத்தபோது அண்ணன், "மூட்டெல்லாம் நல்லா கெட்டியாயிருச்சு தாயி" என்று பெருமையாகச் சொன்னார். "கண்ணு பட்டுரும்ணே, வெளிய சொல்லாதீங்க" என்றேன் நான். இரண்டு பேருக்கும் அவ்வளவுதான் அறிவு.

என் மகளுக்குக் குலசாமி கோயிலில் காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் தரையில் சம்மணம் போட்டுப் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குக் கால் மடங்கவில்லை. ஒரு காலை நீட்டி, எப்படியோ உட்கார்ந்தார். காது குத்தி முடிந்தும் எழ முடியவில்லை. கையை ஊன்றினால் தோள் தாங்கவில்லை. மடியில் பிள்ளை வீறிடுகிறாள். நான்கு பேர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார்கள். "தாய்மாமன ஏத்தி எறக்க ஒரு லோடுமேனக் கூப்புடுங்கப்பா" என்றார் என் மாமியார். கூட்டமே சிரித்தது. அத்தை இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாலும் சரி.

அதன்பின் அண்ணன் வீட்டோடு அடைந்துபோனார். விசேஷம் என்றாலும் தரை, துக்க வீடு என்றாலும் தரை, சாமி முன்னாலும் தரைதான். எங்கே போவார்? ஒருநாள் பனியனைக் கழற்றும்போது, துணி முகத்தை மூடிய இடத்தில் கை மாட்டிக்கொண்டது. மேலே ஏறவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. கூப்பிட வெட்கப்பட்டு, சுவரோரமாக மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். மதினிதான் பார்த்துக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார்.

"ஒரு சத்தம் குடுக்கக்கூடாதா?"

"என்னன்னு குடுக்க? பனியன் என்னயப் புடிச்சுக்கிச்சுன்னா?"

மதினி விடவில்லை. பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண்ணிடம் கூட்டிப் போனார். அந்தப் பெண் ஒவ்வொரு மூட்டாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பலம் நெறைய இருக்குண்ணே, மூட்டுதான் அசைய மாட்டேங்குது. மூட்டுக்குக் கெட்டிங்கிறது நல்ல பேரு இல்ல" என்றது. அண்ணன் முகம் சுண்டிவிட்டது. "ஜிம்ம விடச் சொல்லல. தெனமும் ஒவ்வொரு மூட்டையும், வலி பொறுக்குற மட்டும், மெல்லப் போயி வரவிடுங்க. பெறகு எடையத் தூக்குங்க" என்று கழுத்திலிருந்து கணுக்கால் வரை செய்து காட்டியது.

முதலில் ஒரு மாற்றமும் இல்லை. "எவனோ என் உடம்புக்குள்ளயே என்னய வச்சுப் பூட்டிட்டான் தாயி" என்று போனில் சொன்னார். ஆனாலும் விடவில்லை. என் மகனுக்குக் காதுகுத்து வந்துகொண்டிருந்தது. "நாற்காலி போட்டுக்கலாம்ணே" என்றதற்கு, "தாய்மாமன் மடின்னா தரையிலதான். நீ சும்மா இரு" என்று என் வாயை அடைத்தார். பல மாதம் தோளைச் சுழற்றி, இடுப்பைத் திருப்பி, முட்டியை மடக்கி நீட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த நாளும் வந்தது. முட்டிக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, அண்ணன் சம்மணம் போட்டார். மகனை மடியில் வாங்கினார். ஆசாரி குத்தி முடித்தார். இனி எழ வேண்டும். அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. சமையல் கொட்டகைக்குள் போய், வேலையிருப்பது போல அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குலவைச் சத்தம் கேட்டது. ஓடி வந்தால், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் நிற்கிறார். வேர்த்துக் கொட்டுகிறது.

"பாத்தியா தாயி? ஒருத்தர் கையும் புடிக்கல."

"பாத்தேண்ணே" என்றேன்.

பிறகும் அதையே கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டார். ஒவ்வொரு முறையும் பார்த்தேன் என்றே சொன்னேன். உண்மையைச் சொல்ல ஒரு நல்ல நேரம் பார்த்திருந்தேன். அடுத்த மாதமே நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அண்ணன் போய்விட்டார். அந்தப் பொய்யோடு நான் மாட்டிக்கொண்டேன்.

அண்ணனை மறுபடி நடமாட வைத்த அந்தப் பெண்ணுக்கும், கடைசி நேரத்தில் கார் எடுத்து ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், காரியம் முடியும்வரை மதினியைத் தனியே விடாத சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. மகன் காதுகுத்துக்குக் கோயிலுக்கு வந்திருந்தவர்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அன்று எடுத்த வீடியோவில் பிள்ளையின் காதுதான் இருக்கிறது. அண்ணன் எப்படி எழுந்தார்? எந்தக் கையை ஊன்றினார், எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார்? பார்த்தவர்கள் யாராவது வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுங்கள்.