காய்ச்சல் இறங்கின மெட்டு

பர்மியப் பெண்களின் ஏஞ்சி ரவிக்கைக்குக் கை பொருத்தும்போது மக்தலேனாவின் வாய் நிறையக் குண்டூசி இருக்கும். பாட்டு மூக்கு வழியாக வரும். "சயாமா, ஊசி பத்திரம்!" என்று, பர்மிய மரியாதைச் சொல்லில் அழைத்து, தைக்கக் கொடுத்தவர்கள் பதறுவார்கள். இன்றுவரை அவள் ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

பசுந்தாங் பேட்டை மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியமும் அவள்தான். புது மெட்டு கிடைத்தால் அதன் தாளத்துக்குத் தையல் மெஷினை மிதித்துப் பார்ப்பாள். கால் தடுமாறினால் அந்தப் பாட்டு அன்றோடு சரி. பாதிரியாருக்குப் பிரியமான பாட்டுகளே இப்படிச் சில போயிருக்கின்றன.

ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவள், மகள் செலினின் கல்யாணத்துக்குத் திணறிப்போனாள். காரணம் சிஸ்டர் பிரிஜித். அயர்லாந்துக்காரர். சிறுவயதில் செலினுக்கு டைபாய்டு கண்டு, பெற்றவளே நம்பிக்கை இழந்திருந்த வேளையில் கட்டிலைவிட்டு நகராமல் பிழைக்க வைத்தவர். வெளிநாட்டுச் சிஸ்டர்கள் ஊர் திரும்ப வேண்டும் என்று இப்போது பர்மா சர்க்கார் உத்தரவு. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவருக்குக் கப்பல். மக்தலேனா இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. சொல்லப் போனால் அழுகைதான் முந்திக்கொள்ளும். அவர் ஊர்ப் பாட்டையே விருந்தில் வாசித்துவிடுவது என்று முடிவுகட்டினாள்.

சிஸ்டர் பாடிக் கேட்டு மனசில் தங்கியவை இரண்டே மெட்டு. கணவர் பாக்கியசாமிக்கு மெதுவானதுதான் பிடித்தது.

"அதுல ஒரு உருக்கம் இருக்கு புள்ள. மரியாதையாவும் இருக்கும்."

"உருக்கமாத்தாங்க இருக்கும். செலினுக்குக் காச்சல் கொதிச்சப்போ பாடினது. கேட்டா இன்னிக்கும் அவ நெத்தியைத் தொட்டுப் பாக்கத் தோணுது." மெஷினை மிதித்துக்கொண்டே இன்னொன்றைப் பாடிக் காட்டினாள். "இது, காச்சல் எறங்கி அவ கஞ்சி கேட்டாளே, அன்னிக்கு சிஸ்டர் பாத்திரம் கழுவிக்கிட்டே பாடினது. இதைத்தான் வாசிப்பேன்."

"இந்தத் துள்ளு துள்ளுதே! கன்னியாஸ்திரி முன்னாடி வாசிக்கிற பாட்டா? தப்பா எடுத்துக்கிட்டாங்கன்னா?"

அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது.

விருந்தன்று அந்த மெட்டு எழும்பியதும் பெண்கள் கும்மிக்கு வட்டம் கட்டிவிட்டார்கள். அயர்லாந்து மெட்டுக்கு நம் கும்மி அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியது. மக்தலேனா மட்டும் தலை நிமிரவில்லை. சிஸ்டர் எழுந்து வருவது கடைக்கண்ணில் தெரிந்தது. நிறுத்தச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள்.

சிஸ்டர் அங்கியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஆர்மோனியத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். துருத்தியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டு, "இன்னும் வேகம், மக்தலேனா" என்றார்.

வலக்கை கட்டைகளில் ஓடிக்கொண்டிருந்தது. வேலையற்றுப் போன இடக்கையை, துருத்தி போடும் அந்தக் கையின்மேல் வைத்தாள் மக்தலேனா. பாட்டு முடிந்த பிறகும் எடுக்கவில்லை.