மூன்று தடவை அழைத்தும்

கிண்ணியாவில் சுஹைராவிடம் அபாயா தைக்கக் கொடுப்பவர்கள் இரண்டு விஷயத்தில் நிம்மதியாக இருந்தார்கள். அளவு பிழைக்காது, அவள் முன்னால் என்ன பேசினாலும் வெளியே போகாது. இதில் இரண்டாவது தப்பு. மூன்று வயதில் வந்த காய்ச்சலோடு காது போனதே தவிர, உதட்டைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க அவளுக்குத் தெரியும். அளவெடுக்க வந்த இடத்தில் பெண்கள் அவிழ்த்துவிட்டதெல்லாம் பின்னேரமே அவள் கைகள் வழியாக மதினி பல்கீஸுக்குப் போய்விடும். பல்கீஸுக்குப் போனால் ஊருக்குப் போன மாதிரி.

சுஹைராவுக்கு நாற்பத்தொரு வயது. தைத்ததைப் பாலம் தாண்டித் திருகோணமலைக் கடைகளுக்கு ஸ்கூட்டியில் தானே கொண்டுபோய்க் கொடுத்துவந்தாள். அப்படி ஓட்டிய நான்கு வருடமும் லைசன் இல்லாமல்தான். கேட்டுப் பார்க்காமல் இல்லை; காது கேளாதவர்களுக்குக் கொடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

போன வருடம் நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம் ஒரு சந்தியில் அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ வந்து பின்னால் இடித்தது. இடித்தவனிடம் லைசன் இருந்தது, இடிபட்டவளிடம் இல்லை. ஆகவே பிழை அவளுடையதாயிற்று. அன்றைக்கே அவளுடைய நானா, பல்கீஸின் கணவன் முனாப், ஸ்கூட்டியைப் பூட்டித் திறப்பைத் தன் பெல்ட்டில் கோத்துக்கொண்டான். "லைசன் வந்தாத்தான் திறப்பு. அழுதாலும் இல்ல, முறைச்சாலும் இல்ல."

சுஹைரா அழவில்லை, முறைத்தாள். அதன் பிறகு அபாயா மூட்டையோடு பஸ் பயணம். சொன்ன நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. ஒரு கடை வேறு ஆளைப் பிடித்துவிட்டது, இன்னொன்று பிடிக்கப் போவதாகச் சொன்னது.

அந்த நேரத்தில்தான் நகரத்தில் காது கேளாதோர் சங்கத்தை நடத்தும் கோணேஸ்வரி ரீச்சர் வீட்டுக்கு வந்தார். கதிரையில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கையாலும் வாயாலும் ஒரே நேரத்தில் விஷயத்தைச் சொன்னார். இனி லைசன் கொடுப்பார்கள்.

"மாற்றுத்திறனாளிகளின்ர உரிமைக்கெண்டு ஐ.நா.வில ஒரு சமவாயம் இருக்கு. ரெண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு எங்கட நாடு அதை ஏற்றுக்கொண்டது. ஆனா அங்க ஒப்பம் வைச்ச உடனே இங்க அது சட்டமாகாது. இங்கத்த சட்டத்திலயும் விதியிலயும் எழுதோணும். லைசன் விஷயத்தை இப்பதான் எழுதியிருக்கினம். எழுதாதது இன்னும் எவ்வளவோ கிடக்கு."

பல்கீஸ் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப, மாப்பிள பேசி மோதிரமும் போட்டாச்சு, கலியாணக் காவின் மட்டும் எழுதல்ல. அப்படித்தானே ரீச்சர்?"

"ஓம், அச்சொட்டா அப்படித்தான்."

"பதினாறாம் ஆண்டு பேசி முடிச்சவனா இப்பதான் வாறான்? நல்ல மாப்பிள!"

சுஹைராவின் கைகள் அசைந்தன: வரட்டும். முகம் எப்படியெண்டு பார்ப்பம்.

மாப்பிள்ளையின் முகம் லைசன் கொடுக்கும் அலுவலகத்து யன்னலாக இருந்தது. உள்ளே விண்ணப்பதாரர் மட்டும்தான் போகலாம் என்று வாசலில் நின்ற காவலாளி பல்கீஸை மறித்துவிட்டார். மண்டபத்தில் நாற்பது பேர். யன்னலுக்குப் பின்னால் கிருஷாந்தன் என்ற இளம் எழுதுவினைஞன் குனிந்து படிவத்தைப் பார்த்துப் பார்த்துப் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சுஹைராவுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் உச்சந்தலை. எட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தவளுக்குப் பன்னிரண்டரைக்கு ஒரு தாள் கிடைத்தது. 'மூன்று தடவை அழைத்தும் சமுகமளிக்கவில்லை.'

இரண்டாவது முறை யன்னலுக்கு நேரே உட்கார்ந்து, அவன் தலை நிமிர்ந்த ஒவ்வொரு கணமும் உதட்டைப் பார்த்தாள். ஒருதரம் 'சுஹைரா' என்று தெளிவாகத் தெரிந்தது. எழுந்து போனாள். கண் பரிசோதனையெல்லாம் நன்றாக நடந்தது. கையெழுத்து வைக்கும்போதுதான் அது பஸ் ஓட்ட விண்ணப்பித்த ஜுவைராவின் படிவம் என்று விளங்கியது. உதட்டில் இரண்டு பெயரும் ஒன்றுதான். அவள் உள்ளே எழுத்துப் பலகைக்கு முன்னால் நின்ற நேரத்தில் வெளியே அவள் பெயரை மூன்று தடவை கூப்பிட்டு முடித்திருந்தார்கள். அதே வசனத்தோடு இன்னொரு தாள்.

"இன்னொரு தரம் வராட்டி ஃபைலை மூடிப்போடுவாங்களாம்," என்று பல்கீஸ் விசாரித்துக்கொண்டு வந்து சொன்னாள். "வராட்டியாமே! ரெண்டு நாளும் விடியச் சாமத்துக்குச் சோறு கட்டிக்கொண்டு வந்தது ஆரு?"

மூன்றாவது முறை கோணேஸ்வரி ரீச்சரும் கூட வந்தார். அவர் காவலாளியிடம் என்ன சொன்னாரோ, மூன்று பேரும் யன்னலடிக்குப் போய்விட்டார்கள். கிருஷாந்தன் கெட்ட பையன் இல்லை. தாள்களைப் பார்த்து அவனுக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

"அக்கா, நான் கூப்பிடாம விடேல்ல. இவவின்ர ஃபைலில காது கேளாது எண்டு போட்டிருந்தது. அதால மற்ற ஆக்களை விடச் சத்தமாக் கூப்பிட்டனான்."

"வாசல்ல நிண்ட எனக்கு நல்லாக் கேட்டிச்சுத் தம்பி," என்றாள் பல்கீஸ். "உங்கட ஆள்தான் உள்ள விடல்ல."

சுஹைரா தாளைத் திருப்பி முதுகில் எழுதி யன்னலுக்குள் நீட்டினாள். 'எனக்குக் காது கேட்காது. அதைச் சொல்லித்தான் விண்ணப்பமே போட்டிருக்கிறேன்.'

அவன் வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "விளங்குது. ஆனா புதுச் சுற்றறிக்கையில லைசன் குடுக்கலாம் எண்டு மட்டும்தான் இருக்கு. எப்படிக் கூப்பிடுறது எண்டு இல்லையே. மூண்டு தரம் கூப்பிட்டு வராட்டிக் கழிக்கோணும் எண்டது பழைய விதி. அதை ஒருத்தரும் மாத்தேல்ல."

"உங்களில பிழை சொல்லேல்லத் தம்பி," என்றார் ரீச்சர், மிகவும் பட்சமாக. "இந்தச் சமவாயம் எப்படி நடக்குதெண்டு அரசாங்கம் ஜெனீவாவுக்கு அறிக்கை அனுப்போணும். எங்களைப் போலச் சங்கங்களும் தனியா எழுதலாம். நாங்கள் எழுதேக்க இந்த ரெண்டு தாளையும் சேர்த்து வைப்பம்."

பக்கத்து மேசைகளில் தட்டச்சு நின்றது. அங்கே இருந்தவர்களுக்கு ஜெனீவா என்றால் போர்க்குற்ற விசாரணை பற்றிய தொலைக்காட்சிச் செய்தி, ஆர்ப்பாட்டம், அமைச்சர்மாரின் கோபம். கிருஷாந்தன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, மெல்ல! ஜெனீவா எண்டா மேல இருக்கிறவை வேற என்னவோ எண்டு நினைப்பினம்."

"வேற ஒண்டும் இல்லை. பேரை எழுதிக் காட்டுங்கோ எண்டதுதான்."

"அவ்வளவுதானோ? அதுக்கேன் ஜெனீவா? ஒரு மட்டைத்துண்டு போதுமே!"

"மட்டையை எடுங்கோவன்," என்றார் ரீச்சர்.

அவன் தாள் பெட்டி ஒன்றின் மூடியைக் கிழித்து, தடித்த பேனையால் 'சுஹைரா' என்று எழுதி உயர்த்தினான். பழக்கதோஷம், வாயாலும் கத்தினான். மண்டபமே சிரித்தது. சிரிப்பு அடங்குமுன் தம்பலகாமத்திலிருந்து உழவு இயந்திர லைசன் புதுப்பிக்க வந்திருந்த பெரியவர் எழுந்தார். "தம்பி, என்ர பேரையும் உப்பிடி ஒருக்கா எழுதிக் காட்டுங்கோ. இந்த இரைச்சலில எனக்கும் ஒரு கோதாரியும் விளங்குதில்லை." மத்தியானத்துக்குள் அவனுக்கு இன்னும் இரண்டு பெட்டி தேவைப்பட்டது.

ஓட்டிக் காட்டும் பரீட்சையில் சிக்கல் இருக்கவில்லை. பரீட்சகர் கையால் காட்டினார். அந்த மொழியில் அவரைவிட அவள் கெட்டிக்காரி. ஐந்தாவது வாரம் லைசன் கைக்கு வந்தது. முனாப் அதை வெளிச்சத்தில் பிடித்து, படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, பெல்ட்டிலிருந்து திறப்பைக் கழற்றினான்.

அடுத்த நாள் காலை, வேறு ஆள் பிடிக்கப் போவதாகச் சொன்ன கடைக்கு முதலில் போவதென்று புறப்பட்டார்கள். அபாயா மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பல்கீஸ் பின்னால். பாலத்தில் பாதி தாண்டும்போது ஒரு மணல் லொறி பின்னால் ஒட்டிக்கொண்டு ஹோர்ன் அடிக்கத் தொடங்கியது. பல்கீஸ் ஒரு கையால் மூட்டையையும் மறு கையால் ஒரு காதையும் பிடித்தாள். மற்றக் காதுக்குக் கை போதவில்லை. சுஹைரா கண்ணாடியில் லொறியைப் பார்த்தாள். வந்த வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இடப்பக்கம் ஒதுங்கி, முன்னால் தெருவை ஒருதரம் பார்த்துவிட்டு, கையை வீசிப் போகச் சொன்னாள்.

லொறி முந்திக்கொண்டு போனது. போன பிறகும் லொறிக்காரன் ஹோர்னை விடவில்லை. அதைக் கேட்பது பல்கீஸின் பாடு.