பச்சைக் கூரையின் கீழ் சிவப்புச் செடிகள்

செடி விற்பவனுக்கு வெயிலை அளந்து கொடுக்கத் தெரிய வேண்டும். எனக்கு அப்போது விலையைக் குறைக்க மட்டும்தான் தெரியும். கடை வைத்துக் கை சுட்டுக்கொண்டவர்களே, இது உங்களுக்குத்தான்.

பேரம் படிந்த கூரை

விருத்தாசலத்தில் நர்சரி போட்ட முதல் வருஷம். திட்டக்குடி அக்கா ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க இருநூறு சிவப்பு இலைச் செடி கேட்டார், சின்னப் பீங்கான் தொட்டிகளில். ஒன்றிரண்டாக விற்றுக்கொண்டிருந்த எனக்கு அதுதான் முதல் பெரிய ஆர்டர். சொதப்பினால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

செடிக்குப் பச்சைதானே பொருத்தம் என்று, வெளிச்சம் ஊடுருவும் பச்சை ஷீட்டை அடிமாட்டு விலைக்கு மடக்கிக் கூரை போட்டேன். பத்தே நாளில் தண்டு ஒல்லியாக நீண்டது, இலையில் சிவப்பு வெளுத்தது. ஷீட்டுக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். மனுஷன் நிதானமாகச் சொன்னார்: "எதுக்குன்னு நான் கேக்கறதுக்குள்ள பாதி வெலைக்கு எறக்கிட்டீங்களே சார், எங்க பேச வுட்டீங்க?"

கீரை வெந்த தண்ணி

நான் எட்டாவதோடு நின்று, லாரியில் தொட்டி ஏற்றப் போனவன். மனைவி செல்வி பிளஸ் டூ. கூரைதான் கோளாறு, இலைக்குள் இருக்கிற பச்சைக்குத் தீனி போகவில்லை என்றாள். "செவப்புச் செடியில பச்சை ஏதுடி?" என்று எகிறினேன். அவள் ஒரு சிவப்புக் கீரை இலையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். சிவப்பெல்லாம் தண்ணீரில் இறங்கிற்று. கரண்டியில் வந்தது பச்சை இலை!

"செவப்பு மேல போத்திக்கிட்ட போர்வைங்க. செடிக்குச் சாப்பாடு சமைக்கிறது உள்ள இருக்கிற பச்சை. அதுக்குச் செவப்பு வெளிச்சமும் நீல வெளிச்சமும்தான் நல்ல தீனி. பச்சை வெளிச்சத்துல நெறைய ஒதுக்கிடும். அது ஒதுக்குறதையே நீங்க தட்டு நெறைய வச்சிருக்கீங்க!"

வேட்டிப் பந்தல்

அன்றைக்கே ஷீட்டைப் பிரித்தேன். நேர்வெயில் பட்டால் கருகிவிடும். நிழல் வலை வாங்கக் காசில்லை. வூட்டிலிருந்த வெள்ளை வேட்டிகளையெல்லாம் கட்டினேன், என் கல்யாண வேட்டி உட்பட. வெள்ளைத் துணி வெயிலைத் தணிக்குமே தவிர, எந்த நிறத்தையும் தனியாகப் பிடித்துவைக்காது. நீண்ட நுனிகளைக் கிள்ளிவிட்டேன். பக்கத்தில் துளிர்த்த இலைகள் நாளாக நாளாகச் சிவந்தன.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் அக்கா வந்தார். ஒரு தொட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அண்ணாந்து பந்தலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்ளைக்கே இன்னும் வேட்டி எடுக்கல, நீ செடிக்கெல்லாம் கட்டிவுட்டுட்டியே தம்பி! சரி, வண்டில ஏத்து."

என் கல்யாண வேட்டியில் அந்தப் பந்தலில் பட்ட மண்கறை இன்னும் போகவில்லை. எத்தனையோ பேரிடம் விலையைக் குறைத்துவிட்டேன், வெயிலிடம் மட்டும் ஒரு நிறத்தைக்கூடக் குறைக்க முடியவில்லை.