சல்லடையும் தொண்ணூற்று நான்கு மதிப்பெண்ணும்

குடிநீர் வாரிய அலுவலகத்தில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. மற்றபடி அவள் சல்லடை. இருநூற்றுப் பதினான்கு ஊழியர்களுக்கு வரும் மின்னஞ்சலைச் சலித்து, வழுக்கையில் முடி முளைக்க வைக்கும் எண்ணெயையும், முன்பின் தெரியாத குமாஸ்தாவுக்குச் சொத்தில் பாதியை எழுதிவைக்கத் துடிக்கும் கோடீஸ்வரிகளையும் வாசலிலேயே நிறுத்துவது அவள் உத்தியோகம். ஒன்பது வருடத்தில் ஒரு கோடீஸ்வரிகூட அவளைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. சில குமாஸ்தாக்களுக்கு இதில் உள்ளூர வருத்தம்.

அவள் கையிலிருந்த கருவியில் படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது. கருப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஊர் ஊராகப் பல அலுவலகங்கள் கூட்டாக நடத்தும் ஏற்பாடு அது. ஓரிடத்தில் ஒருவர் “இது குப்பை” என்று புகார் கொடுத்தால், அந்தக் கடிதத்தின் கைரேகை, அதாவது அதன் வாசகத்திலிருந்து கணக்கிட்ட ஓர் அடையாள எண், மட்டும் பொது சர்வருக்குப் போகும். அதே கைரேகையோடு வேறு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கடிதம் வாசலிலேயே மடக்கப்படும். ஆனால் எல்லார் புகாரும் எடுபடாது. புகார் சரியாக இருக்க இருக்க நம்பிக்கை மதிப்பெண் ஏறும். சல்லடைக்கு நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு. கூட்டணியிலேயே அதுதான் உச்சம்.

“அதைக் காட்டினா ரயில்ல ஜன்னல் சீட் தருவாங்களா?” என்று கேட்ட கணவரோடு அவள் இரண்டு நாள் பேசவில்லை.

ஒரு திங்கட்கிழமை நாத்தனாரிடமிருந்து போன். அவள் அரசு ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் நர்ஸ்.

“அண்ணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.”

“அப்படி ஆரம்பிச்சாலே கோவம் வருது. சொல்லு.”

“மூணு மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் குடுக்க வாங்கன்னு ஒரே லெட்டரைத்தான் போடுவோம்ல? போன தடவை அறுபத்தோரு பேர் வந்தாங்க. இந்தத் தடவை ஒம்பது. கேட்டா லெட்டரே வரலைங்கிறாங்க. வியாழக்கிழமை பத்து மணிக்கு மறுபடி அனுப்பறோம். அதுக்கும் ஆள் வரலைன்னா ஆபரேஷனையே தள்ளி வைக்கணும்ங்கிறார் டாக்டர்.”

சல்லடை கருவியின் பதிவேட்டைப் புரட்டினாள். போன வாரம் ஆஸ்பத்திரிக் கடிதங்கள் கொத்தாக மடக்கப்பட்டிருந்தன. மூன்று மாதத்துக்கு முன்பு ஒருவர் முதன்முதலாக அதைக் குப்பை என்று சொல்லியிருக்கிறார். யார் அந்தப் புண்ணியவான் என்று பார்த்தாள். அவளேதான்.

ஊழியர்கள் குப்பைப் பெட்டியில் போடுவதையெல்லாம் தினமும் பதினோரு மணிக்குத் தானாகவே திரட்டி, அவள் பெயரில் புகார் அனுப்பும்படி அவள்தான் ஏற்பாடு செய்திருந்தாள். அன்று அந்தக் கடிதம் வந்த இடம் தலைமை எழுத்தரின் பெட்டி. நேரே அவர் மேஜைக்குப் போனாள்.

“சார், ஆஸ்பத்திரி லெட்டரை ஏன் குப்பையில போட்டீங்க?”

“படிச்சேன், போய் ரத்தம் குடுத்தேன், வந்து போட்டேன். வேலை முடிஞ்ச காகிதம் கூடைக்குத்தானேம்மா போகணும்? முப்பது வருஷமா அப்படித்தான்.”

“எல்லாத்தையுமா?”

“முடிஞ்சதை மட்டும். முடியாததை நான் தொடவே மாட்டேன்.”

அந்த அலுவலகத்தில் வேலை முடிவது அபூர்வம் என்பதால் சேதம் ஒரே கடிதத்தோடு நின்றது.

தன் அலுவலகத்துக்கு மட்டும் விதிவிலக்கு எழுதிவிட்டு வாயை மூடிக்கொண்டால் மதிப்பெண்ணுக்குச் சேதமில்லை, யாருக்கும் தெரியப்போவதுமில்லை. ஆனால் ரத்தம் கொடுப்பவர்கள் பதினான்கு அலுவலகங்களில் இருந்தார்கள். புகாரை வாபஸ் வாங்கவும் ஒரு கட்டளை உண்டு. அதைத் தட்டினால் மதிப்பெண் சரியும். சல்லடை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வாபஸ் வாங்க அதே கடிதம் வேண்டும், அச்சு அசலாக. மடக்கியதைக் கருவி சேர்த்து வைப்பதில்லை. தலைமை எழுத்தரோ சுத்தக்காரர், கூடையை வாரம் தவறாமல் காலி செய்பவர். நாத்தனார் தன்னிடமிருந்த நகலை அனுப்பிவைத்தாள். கைமாறி வந்ததில் மேலே நாலு வரியும் கீழே ஆஸ்பத்திரி முத்திரையும் ஒட்டிக்கொண்டு, கைரேகையே மாறியிருந்தது. செவ்வாய்க்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, பென் டிரைவோடு சல்லடை பஸ் ஏறினாள்.

“மெயிலை வாங்கிட்டுப் போக பஸ்ஸுல வந்த ஒரே கம்ப்யூட்டர் ஆள் நீங்கதான் அண்ணி” என்றாள் நாத்தனார். “இவ்வளவு அலைச்சல் எதுக்கு? லெட்டர்ல நாலு வார்த்தையை மாத்திட்டா உங்க சர்வருக்கு அடையாளம் தெரியாதுல்ல?”

“எண்ணெய்க்காரன் அதைத்தான் பண்றான். நீ எதுக்கு வேஷம் போடணும்? தப்பு என்னோடது. நகரு, நான் உட்காரணும்.”

அசலை எடுத்துவந்து வாபஸ் கட்டளையைத் தட்டினாள். தடை நீங்கவில்லை. அவள் சொல்லிவிட்டாளே என்று வேறு மூன்று ஊர்க்காரர்களும் ஆமாம் போட்டிருந்தார்கள். அவர்களும் வாபஸ் வாங்கினால்தான் கணக்கு நேராகும்.

புதன்கிழமை காலை, கூட்டணி உறுப்பினர்கள் அத்தனை பேருக்கும் கடிதம் எழுதினாள். முதல் வரைவில் “தொழில்நுட்பக் கோளாறு காரணமாக” என்று ஆரம்பித்திருந்தாள். அதை அழித்துவிட்டு, “நான் படித்துப் பார்க்காமல் புகார் கொடுத்துவிட்டேன்” என்று எழுதி அனுப்பினாள்.

மதியத்துக்குள் இரண்டு பேர் வாபஸ் வாங்கினார்கள். மூன்றாமவர் ஏதோ ஒரு நூலகத்தில் இருப்பவர், கூட்டணியில் ஆந்தை என்று பெயர். பதிலே இல்லை. நூலகத்துக்கு நாலு முறை போன் போட்டாள். ஐந்தாவது முறை ஆந்தையே எடுத்தார்.

“தொண்ணூத்திநாலு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு பார்க்காமலே ஆமாம் போட்டுட்டேன் மேடம். வெளிய சொல்லிடாதீங்க.”

“நான்தான் ஏற்கெனவே எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே சார். நீங்க கட்டளையைத் தட்டுங்க, நான் லைன்லயே இருக்கேன்.”

வியாழக்கிழமை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தது. சோதிக்கும் கட்டளையைத் தட்டினாள். குப்பையாக இருந்தால்தான் அந்தக் கருவி வாயைத் திறக்கும். திரை சும்மா இருந்தது. அவள் இன்னொரு முறை தட்டிப் பார்த்தாள். அப்போதும் சும்மாதான் இருந்தது.

அடுத்த கட்டளையில் மதிப்பெண் வந்தது: முப்பத்தெட்டு.

“அப்போ இனிமே நின்னுக்கிட்டேதான் போகணுமா?” என்றார் கணவர் போனில்.

“ஏறிட்டேன்ல, அது போதும்.”

பதினோரு மணித் திரட்டலை அன்றே நிறுத்தினாள். இனி ஒவ்வொரு கடிதத்தையும் கண்ணால் பார்த்த பிறகுதான் புகார். கோடீஸ்வரிகள் சொல்வதை முழுதாகக் கேட்டது அன்றுதான் முதல் தடவை. சிலர் நன்றாகவே எழுதினார்கள்.

மாலையில் நாத்தனாரிடமிருந்து போன். “நாற்பத்தேழு பேர் அண்ணி. இன்னும் வெளிய நிக்கிறாங்க, அப்புறம் பேசறேன்.”

போனை வைத்தபோது, முழங்கையில் பஞ்சு ஒட்டியபடி தலைமை எழுத்தர் உள்ளே வந்து இருக்கையில் அமர்ந்தார். மௌஸின் மேல் கை போனது. பாதியில் நின்றது.

“சல்லடை, இதை எங்கம்மா போடறது?”

அவள் போய் அவருடைய திரையில் புதிதாக ஒரு பெட்டி திறந்து, ‘வேலை முடிந்தது’ என்று பெயர் வைத்தாள். அவர் கடிதத்தைப் பத்திரமாக அதற்குள் இழுத்துவிட்டார். அடுத்த இரண்டு வாரத்துக்கு அந்தப் பெட்டியில் அது ஒன்றுதான் இருந்தது.